லயத்துக்குக் கடைசியாக வந்த வெளிச்சம்

பூண்டுலோயா என்ற பெயருக்குள்ளேயே தண்ணீர் ஓடுகிறது. 'ஓயா' என்றால் சிங்களத்தில் சிற்றாறு. டன்சினன் தோட்டத்தருகே அருவியாக விழும் அந்த நீர் கீழே இறங்கி மகாவலி நீரோடு சேர்கிறது. அதே ஆற்றுப் படுகையில் 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 201 மெகாவாட். தலவாக்கலையில் அணை கட்டி, சுரங்க வழியே நீரைக் கொண்டுசென்று, 2012 இல் இயக்கிவைக்கப்பட்ட மேல் கொத்மலை நிலையத்தின் கொள்ளளவு 150 மெகாவாட். மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இவ்வளவு அருகில் வாழும் மக்கள் இலங்கையில் வேறெங்கும் அதிகமில்லை. அந்த மின்சாரம் லயன் காம்பராக்களை வந்தடைந்தது எப்போது, எப்படி என்ற வரலாற்றை ஒதுக்கிவிட்டு, இன்று கூரைகளின் மேல் ஏறிக்கொண்டிருக்கும் சோலார் தகடுகளைப் பற்றிப் பேசுவது பயனற்றது என்பது என் கருத்து.

மலையகத்தில் நீர்ச்சக்தியை முதலில் பயன்படுத்தியவை தேயிலைத் தொழிற்சாலைகளே. 'ஸ்டோர்' என்று தோட்ட மக்கள் இன்றும் அழைக்கும் அக்கட்டிடங்களில், ஓடை நீரால் சுழன்ற சில்லுகளும் விசையாழிகளும் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களை ஓட்டின. பின்னர் அவற்றோடு மின்பிறப்பாக்கிகளும் சேர்ந்தன. நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இத்தகைய சிறு நிலையங்கள் இருந்தன. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் 1912 இல் அமைந்த சிறு நீர்மின் நிலையம் நுவரெலியா நகருக்கு வெளிச்சம் தந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றிய தமது ஆய்வை 1918 இல் வெளியிட்டார். அவர் கனவு கண்ட லக்சபான திட்டம் 1924 இல் தொடங்கி, இடையில் கைவிடப்பட்டு, 1950 இல்தான் நிறைவேறியது.

ஸ்டோரில் வெளிச்சம் இருந்தது. துரையின் பங்களாவில் வெளிச்சம் இருந்தது. லயத்தில் எரிந்ததோ மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. வெற்றுப் போத்தலில் திரியிட்டுச் செய்யும் அந்த விளக்கு, தட்டுப்பட்டுக் கவிழ்ந்தால் எண்ணெயும் நெருப்பும் ஒன்றாகக் கொட்டும். இலங்கையில் அதனால் தீக்காயமடைந்தோரை அறுவைச் சிகிச்சை மேசையில் கண்டு மனம் வருந்திய வைத்தியர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத குட்டையான கனத்த கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். அந்தப் பணிக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மலிவான வெளிச்சம் ஆபத்தான வெளிச்சமாகவே இருக்க வேண்டும் என்பது விதியன்று என்று மெய்ப்பித்தவர் அவர்.

லயத்தின் இருளுக்குப் பணமின்மை மட்டும் காரணமில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கி, வாக்குரிமை இல்லாதவர்களாகவும் ஆக்கிற்று. வாக்கில்லாதவன் வீட்டுக்கு மின்கம்பம் நடுவதற்கு எந்த அரசியல்வாதியும் அவசரப்படமாட்டான். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றபோதும், லயம் தொழிலாளியின் சொத்தாகவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல்.

ஆகவே மின்சாரம் வந்தபோதும் முன்வாசல் வழியாக வரவில்லை. ஒரு காம்பராவுக்கு இணைப்புக் கிடைத்தால் அதிலிருந்து அடுத்த காம்பராவுக்கு ஒரு கம்பி, அங்கிருந்து இன்னொன்று. அடுப்புப் புகையில் கறுத்த மரச்சட்டங்களின் மேல், ஒழுகும் தகரத்தின் கீழ், இரண்டு மின்குமிழ்களுக்காக இழுத்த மெல்லிய கம்பியிலேயே பிற்காலத்தில் தொலைக்காட்சியும் மின் அழுத்தியும் தொங்கின. இப்படி இழுத்த கம்பிகளைப் பல லயங்களில் நானே பார்த்திருக்கிறேன். பத்திரிகை அலுவலகத்தில் மலையகச் செய்திகளைச் செப்பனிட்ட ஆண்டுகளில், லயம் எரிந்த செய்தி ஒவ்வொன்றும் 'மின் ஒழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது' என்றே முடிந்தது. தமிழகத்தார் மின்கசிவு என்பதை நாங்கள் மின் ஒழுக்கு என்போம். கம்பியைப் போட்டவர் யார், பரிசோதிக்க வேண்டியவர் யார் என்ற கேள்விகளை அந்த இரண்டு சொற்களும் மூடிவிடும். யாருக்கும் சொந்தமில்லாத கம்பிக்கு யாரும் பொறுப்பில்லை.

இனிச் சூரியனுக்கு வருவோம். இன்றைய தகடுகளின் மூதாதையான சிலிக்கன் மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் 1954 இல் உலகுக்குக் காட்டியது. அது விழும் ஒளியில் ஏறத்தாழ 6 வீதத்தையே மின்சாரமாக மாற்றிற்று. இலங்கையில் உலக வங்கியின் உதவியுடன் 1997 இலும் 2002 இலும் தொடங்கிய இரு திட்டங்கள், மின்கம்பம் எட்டாத கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சோலார் தொகுதிகளைக் கொண்டுசேர்த்தன. அவை 12 வோல்ட் தொகுதிகள். சில மின்குமிழ்களும் ஒரு சிறு தொலைக்காட்சியும் இயங்கும். கம்பியைத் தொட்டாலும் உயிர் போகாது. அவற்றில் ஆபத்து பற்றறியில் இருந்தது. ஈய அமில பற்றறி மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடும். படுக்கும் அறைக்குள் காற்றோட்டமின்றி வைக்கலாகாது. அதன் முனைகள் இரும்பால் இணைந்துவிட்டால், 12 வோல்ட்டேயானாலும் கம்பி பழுக்கக் காயும்.

2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் அரசு தொடங்கிய இயக்கத்தோடு பரவிய கூரைத் தொகுதிகள் வேறு இனம். பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டம் கூரையிலிருந்து இறங்கும். வீட்டிலுள்ள ஆடலோட்டம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுச் செல்வதால், இணைப்பில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. தளர்ந்த ஓர் இணைப்பில் எழுந்த பொறி, வெயில் உள்ளவரை வில்லாக நின்று எரியும். அதனால்தான் சாதாரண வீட்டு ஆளியை அங்கே பொருத்தக்கூடாது. நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்த ஆளி வேண்டும். தீயணைக்க வருபவரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பிரதான ஆளியை நிறுத்தினாலும், பகல் வெளிச்சம் இருக்கும்வரை தகடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

மலைநாட்டுக்கென்றே சில நுணுக்கங்கள் உண்டு. குளிரில் தகட்டின் மின்னழுத்தம் கூடும். தகட்டின் பின்புறத்து எண்கள் 25 பாகை செல்சியசுக்கு உரியவை. நுவரெலியாப் பக்கத்து ஜனவரி விடியலில் மின்னழுத்தம் அதைவிடச் சில வீதம் கூடுதலாக இருக்கும். கொழும்பில் போட்ட கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால், தாங்கும் எல்லையைத் தாண்டி இன்வர்ட்டர் பழுதாகலாம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் பிற்பகல் இடிமின்னலுக்கு முறையான நிலத்தொடுப்பும் மின்னெழுச்சிக் காப்பும் அவசியம். தென்மேற்குக் காற்று தகட்டின் அடியில் புகுந்து தூக்கும். ஒரு தகடே 20 கிலோவுக்குக் குறையாது. பல தசாப்தங்கள் கண்ட லயத்துக் கூரை தன் தகரத்தைத் தாங்குவதே பெரிது.

கரண்ட் போனால் சோலார் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பலர். பற்றறி இல்லாத சாதாரணத் தொகுதி, பிரதான வழங்கல் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியபோது, கூரையில் தகடு வைத்திருந்த பல வீடுகளும் இந்தப் பாடத்தைப் படித்தன.

பூண்டுலோயாவில் ஒரு நல்ல தொடக்கமும் நிகழ்ந்திருக்கிறது. டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் 2018 ஆகஸ்டில் மகாத்மா காந்திபுரம் என்ற பெயரில் மக்களிடம் கையளிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில் தனித்து நிற்கும் வீடு. லயத்துக் கூரை பல காம்பராக்களுக்குப் பொது; இந்தக் கூரையோ ஒரே குடும்பத்துக்கு உரியது. அடுத்து, 25 மாவட்டங்களிலும் 5000 வழிபாட்டுத் தலங்களுக்குச் சோலார் அமைக்கும் இந்திய உதவித் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது.

இத்தகைய தொகுதிகள் வரும்போது, பெறுகிறவர்கள் திறப்புவிழாவோடு நின்றுவிடக் கூடாது. நேர்மின்னோட்ட ஆளி எங்கே, அதைக் கையாள யாருக்குத் தெரியும், நிலத்தொடுப்பை அளந்த பெறுமானம் எவ்வளவு, 30 மில்லி அம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் உண்டா, வீட்டின் பழைய வயர்களைச் சோதித்தவர் யார், ஐந்து வருடம் கழித்து இணைப்புகளை இறுக்கிப் பார்க்க வருபவர் யார் என்று கேட்க வேண்டும். விடைகளைத் தமிழில் எழுதிக் கையொப்பத்துடன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

லயங்களின் மேல் தகடு பொருத்துவதாயின் இன்னொரு கேள்வி முதலில் வரும். கூரை கம்பனியினது, வெயிலால் வரும் வருமானம் யாருடையது, தீப்பிடித்தால் எரியும் பெட்டியும் பாடப்புத்தகமும் யாருடையவை? கூரைக்கு உரிமை கோருகிறவர் அதன் கீழுள்ள கம்பிக்கும் பொறுப்பேற்றுக் கையொப்பமிடட்டும். அதற்குப் பிறகு ஏணியைச் சாத்தலாம்.