கராஜ் கதவுத் திறப்பானும் வீட்டுப் பழுதுபார்ப்பும்: அமெரிக்க வரலாறு

அமெரிக்க வீடுகளில் காரை நிறுத்தும் கராஜுக்குத் தொடக்கத்தில் இருந்தவை குதிரைலாயத்தின் வழிவந்த, பக்கவாட்டில் விரியும் கனத்த மரக்கதவுகளே. பனிக்காலத்தில் வாசலில் குவிந்த பனியை வாரித் தள்ளாமல் அவற்றைத் திறக்க இயலாது. 1921இல் சி. ஜி. ஜான்சன் உருவாக்கிய கதவு, கீல்களால் இணைந்த கிடைமட்டப் பலகைகளாக அமைந்து, இருபுறத் தடங்களில் உருளைகளின்மேல் ஏறிக் கூரையடியில் படுத்துக்கொண்டது. அதையும் கையால் தூக்க வலுவில்லாதவர்களுக்காக, மின்மோட்டாரால் இயங்கும் திறப்பானை 1926இல் அவரே செய்தளித்தார்.

இப்பொறியைப் பழுதுபார்க்க முனைவோர் முதலில் அறிய வேண்டியது, கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் அன்று என்பதாகும். கதவுக்கு மேலுள்ள தண்டில் இறுக முறுக்கப்பட்டிருக்கும் முறுக்குச் சுருள்வில்லே, அதாவது முறுகும்போது ஆற்றலைச் சேமித்துப் பின் தண்டைச் சுழற்றும் ஸ்பிரிங்கே, அவ்வெடையை ஏறக்குறைய முழுவதும் சமன்செய்கிறது. அதனால்தான் அரைக் குதிரைத்திறன் மோட்டார் அத்தனை பெரிய கதவுக்குப் போதுமாகிறது. கதவு மூடியிருக்கும்போது தொங்கும் கயிற்றை இழுத்து மோட்டாரின் பிணைப்பை விடுவித்து, கதவைக் கையால் பாதி உயர்த்திப் பார்த்தால், சமநிலை கெடாத கதவு அங்கேயே நிற்கும். கீழே சரிந்தால் குறை பெரும்பாலும் ஸ்பிரிங்கில் இருக்கும். வீட்டுக்காரரின் கை நிற்கவேண்டிய எல்லையும் இதுவே. முறுக்கேறிய ஸ்பிரிங்கைத் தளர்த்துகையில் அதில் செருகிய கம்பி நழுவினால் எலும்பு முறியும், உயிரும் போகலாம் என்பதால், அவ்வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது.

மற்றவை பெரும்பாலும் வீட்டுக்காரரின் கைக்கு எட்டுபவை. மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் கதவை இழுக்கும் சங்கிலி அசையாத நிலை, பல திறப்பான்களில், உலோகத் திருகுத்தண்டோடு கடிபட்டுச் சுழலும் நைலான் பற்சக்கரம் தேய்ந்துபோனதைக் காட்டும்; மின்னிணைப்பைத் துண்டித்து மூடியைக் கழற்றினால் வெண்ணிறத் துருவல் உதிர்ந்து கிடப்பதைக் காணலாம். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிராது. விலை குறைந்த ஒரு சக்கரத்தை மாற்றிக் கிரீஸ் தடவினால் பொறி மீண்டும் இயங்கும். ஆனால் ஸ்பிரிங்கின் சமநிலையைச் சோதிக்காமல் சக்கரத்தை மட்டும் மாற்றுவோர், தேய்மானத்துக்குக் காரணமான அதிகச் சுமையை அப்படியே விட்டுவைக்கக்கூடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர் வீடுகள் பெருகியபோது ரேடியோ அலையால் திறக்கும் ரிமோட் பரவியது. ஒரே அலைவரிசையில் பல வீட்டு ரிமோட்டுகள் பேசியதால், ஒருவர் பொத்தானை அழுத்த அண்டைவீட்டுக் கதவு திறந்தது. இதற்குத் தீர்வாக வந்த சிறு சொடுக்கிகளின் வரிசையை ரிமோட்டிலும் பொறியிலும் ஒன்றுபோல் அமைத்துவிட்டால் அதுவே அவ்வீட்டின் குறியீடாயிற்று. எட்டுச் சொடுக்கிகளில் 256 குறியீடுகள், பன்னிரண்டில் 4096. மாறாத குறியீட்டைக் காற்றில் பிடித்துத் திரும்ப அனுப்பித் திருட முடியும் என்பதால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும் சுழல் குறியீடு 1990களில் வந்தது.

அதற்கிடையே, இறங்கும் கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த கொடுமை 1990இல் சட்டத்தை மாற்றியது. 1993 ஜனவரி 1 முதல் உற்பத்தியாகும் வீட்டுத் திறப்பான்களுக்கு, தடையை உணர்ந்து கதவைத் திருப்பும் ஏற்பாட்டோடு, வாசலின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையைப் பாய்ச்சும் உணரி அல்லது கதவின் விளிம்பில் தொடுவுணரி கட்டாயமாயிற்று. ஒளியுணரியைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல் பொருத்துவதால், அது எளிதில் இடிபட்டு விலகும், தூசி படியும். கதவு இறங்க மறுப்பதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. துடைத்து நேராக்கினால் போதும் என்றிருக்க, உணரியின் இரு கண்களையும் கூரையருகே எதிரெதிராகக் கட்டிவிட்டுக் கதவை இயக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு; அது பழுதுபார்ப்பு ஆகாது, சட்டம் காக்க முனைந்த உயிர்களைக் கைவிடுவதாகும்.

சுழல் குறியீடு நீதிமன்ற வழக்கு ஒன்றையும் கிளப்பியது. தொலைந்த ரிமோட்டுக்கு மாற்றாக பல நிறுவனங்களின் பொறிகளிலும் இயங்கும் ரிமோட்டை ஸ்கைலிங்க் நிறுவனம் விற்றபோது, திறப்பான் தயாரிப்பாளரான சேம்பர்லின், சுழல் குறியீட்டால் அமைந்த தன் மென்பொருளின் பூட்டை அது உடைப்பதாகக் கூறி, 1998ஆம் ஆண்டின் எண்ணியல் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழக்காடியது. 2004இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை: பொறியை விலைகொடுத்து வாங்கியவருக்கு அதனுள்ளிருக்கும் மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமை உண்டென்றும், பதிப்புரிமையை மீறுவதோடு தொடர்பற்ற அணுகலை அச்சட்டம் தடுப்பதில்லை என்றும் அது தீர்த்தது. தன் வீட்டுக் கதவுக்கு எவருடைய ரிமோட்டை வாங்குவது என்பது இவ்வாறு வீட்டுக்காரரின் முடிவாகவே நீடித்தது.