ஐம்பது டாலர் படகும் நமது நீரிணையும்



கப்பல் என்றதும் தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு முன்னோரின் பயணமே நினைவுக்கு வரும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த கதையை மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். அவர்கள் கடந்து வந்த மலாக்கா நீரிணையில் இன்று எண்ணெய்க் கப்பல்களும் கொள்கலன் கப்பல்களும் ஓயாது செல்கின்றன. அவற்றுள் ஒன்று உடைந்து கடல் மாசடைந்தால், இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு உலகம் விடை தேடிய வரலாற்றில் நமது நீரிணைக்கும் ஓர் இடமுண்டு.

1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், 'டோரி கேனியன்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. அதில் ஏறத்தாழ 120,000 டன் குவைத் கச்சா எண்ணெய் இருந்தது. கப்பலின் கொடி லைபீரியாவினுடையது. உரிமை நிறுவனம் பெர்முடாவில் பதிவு பெற்றது. வாடகைக்கு எடுத்ததோ ஓர் அமெரிக்க நிறுவனம். பிரிட்டன், பிரான்சு ஆகிய இரு நாடுகளின் கரைகளும் கறுத்தன. ஆனால், அமெரிக்கச் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு விபத்துக்குப் பின் எஞ்சிய கப்பலின் மதிப்பைத் தாண்டாது. எஞ்சியிருந்ததோ ஓர் உயிர்காப்புப் படகு மட்டுமே. அதன் மதிப்பு 50 டாலர்!

பிரிட்டிஷ் அரசு வேறு வழி தேடியது. அதே நிறுவனத்தின் மற்றொரு கப்பலான 'லேக் பலூர்ட்', 1967 ஜூலையில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொள்ள சிங்கப்பூருக்கு வந்தது. வழக்கறிஞர் ஒருவர் அதில் ஏறி, நீதிமன்ற ஆணையைக் கப்பலின் கம்பத்தில் ஒட்டிவிட்டார். விஸ்கி விற்க வந்தவர் என்றெண்ணியே மாலுமிகள் அவரை ஏறவிட்டனர் என்பர். பிணைத்தொகை கட்டிய பின்னரே கப்பல் விடுவிக்கப்பட்டது. முடிவில் 30 லட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது. அதனைப் பிரிட்டனும் பிரான்சும் பகிர்ந்துகொண்டன.

இந்த அனுபவத்தின் விளைவே 1969-ஆம் ஆண்டு பிரசல்சில் உருவான எண்ணெய் மாசு இழப்பீட்டு உடன்படிக்கை. தவறு யாருடையது என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. பெரிய எண்ணெய்க் கப்பலின் உரிமையாளர் காப்புறுதி வைத்திருந்தே ஆகவேண்டும். இவற்றுக்கு ஈடாக, அவர் தரவேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட இழப்புக்காக, எண்ணெய் இறக்குமதி செய்வோரின் பங்களிப்பில் ஒரு நிதியம் 1971-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் வகுக்கப்பட்டது.

ஆபத்து நம் வாசலுக்கும் வந்தது. 1975 ஜனவரி 6-ஆம் நாள் ஜப்பானியக் கப்பலான 'சோவா மாரு' சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டி எண்ணெயைக் கொட்டியது. அதன்பின் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் கூடிப் பேசின. எதிரெதிர்த் திசைகளில் செல்லும் கப்பல்களுக்குத் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. பெருங்கப்பல்களின் அடிப்பகுதிக்கும் கடலடிக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியும் வந்தது. இவை 1981-இல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் 1997 அக்டோபரில் 'எவோய்கோஸ்' கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் மோதி 28,500 டன் எண்ணெய் கசிந்தபோது, அதன் ஒரு பகுதி சிலாங்கூர் கரை வரை வந்து படிந்தது.

நமது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் மலேசியக் கடலில் எண்ணெய் கொட்டுவதைத் தடைசெய்கிறது. துப்புரவுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும், கப்பலைத் தடுத்துவைத்து விற்கவும் அதில் இடமுண்டு. இதே சட்டத்தின் கீழ்தான் செம்பனை ஆலைகளுக்கு 1977-இலும், இரப்பர் ஆலைகளுக்கு 1978-இலும் கழிவுநீர் விதிகள் வந்தன. ஆலைக் கழிவால் நாறிய தோட்டத்து ஆற்றை அறிந்த பெற்றோருக்கு இதன் அருமை விளங்கும்.

எனினும் கேள்வி தீரவில்லை. 2021 மே மாதம், கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' தீப்பற்றிப் பின் மூழ்கியது. 1,486 கொள்கலன்கள், 25 டன் நைட்ரிக் அமிலம், 1,600 டன்னுக்கும் மேற்பட்ட நெகிழி மணிகள்! அமிலம் கசிந்த கொள்கலனை இறக்கிவைக்கக் கத்தாரின் ஹமாத், இந்தியாவின் ஹஜீரா ஆகிய இரு துறைமுகங்களும் முன்னரே மறுத்திருந்தன. நீர்கொழும்பு மீனவர் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கையோ எண்ணெய்க்கு மட்டுமே உரியது. அபாயச் சரக்குகளுக்கான உடன்படிக்கை 1996-இலேயே எழுதப்பட்டும் அன்று நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. நெகிழி மணிகள் அபாயச் சரக்காகக்கூட வகைப்படுத்தப்படவில்லை. 2023-இல் இலண்டன் நீதிமன்றம் உரிமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 190 லட்சம் பவுண்டுக்கு வரையறுத்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்சநீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் வழங்க ஆணையிட்டது. அதனைச் செலுத்தப்போவதில்லை என்று கப்பல் நிறுவனத் தரப்பு அதே ஆண்டில் அறிவித்தது.

ஐம்பது டாலர் படகிலிருந்து உலகம் வெகுதூரம் வந்துவிட்டது, உண்மைதான். ஆயினும் ஒவ்வொரு விதியும் ஒரு விபத்துக்குப் பிறகே பிறந்திருக்கிறது. வருமுன் காப்பதே அறிவு என்று வகுப்பில் போதிக்கும் நாம் இதனைக் கவனிக்க வேண்டாமா?

ஈப்போவிலிருந்து கோலா செப்பெத்தாங் அதிகத் தொலைவில்லை. அடுத்த பள்ளிச் சுற்றுலாவில் மாணவர்களை மாத்தாங் சதுப்புநிலக் காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மீன் படகுகளையும் கெராங் வளர்ப்போரையும் காட்டுங்கள். "இக்கடல் கெட்டால் இவர்களுக்கு யார் பொறுப்பு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாளைய விதிகளை எழுதப் போகிறவர்கள் அவர்களே.

சிந்திப்போம். மீண்டும் சந்திப்போம்.