ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதி: தேர்தல் வரலாறு

ஜெலுத்தோங், மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகர மையத்துக்குத் தெற்கே கிழக்குக் கரையையொட்டி அமைந்த நாடாளுமன்றத் தொகுதி. இதன் எண் பி.050. 1974ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் முதன்முறையாக உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. அன்று முதல் 2022 வரை நடந்த 12 பொதுத்தேர்தல்களில் இரண்டே கட்சிகள்தான் இங்கு வென்றிருக்கின்றன: ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) 9 முறை, கெராக்கான் 3 முறை. வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சீனர்கள். அடுத்த நிலையில் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் பத்தில் ஒரு பங்கு அளவினரே. ஆயினும் அந்த 12 தேர்தல்களில் 8இல் இந்திய வம்சாவளியினரே வெற்றி பெற்றனர். வேட்பாளரின் இனத்தைவிடக் கட்சியைப் பார்த்து வாக்களிக்கும் வழக்கம் இத்தொகுதியின் வரலாறு நெடுகிலும் தெரிகிறது.

தொகுதியின் அமைப்பு

டத்தோ கிராமாட், சுங்கை பினாங்கு, பத்து லஞ்சாங் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். தொகுதி முழுவதும் நகர்ப்புறம். பழைய கம்பங்கள் (கிராமக் குடியிருப்புகள்), கடைவீடுகள், அடுக்குமாடி வீடுகள், கடலைத் தூர்த்து எழுப்பிய புதிய கட்டடங்கள் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. அதே கரையோரத்தில்தான் ஜெலுத்தோங் குப்பைமேடும் இருக்கிறது. 2022 ஜனவரியில் அங்கு மூண்ட தீயின் புகை பல நாட்கள் சுற்றுவட்டாரத்தைச் சூழ்ந்திருந்தது. சுங்கை பினாங்கு ஆற்றின் மாசும் வெள்ளமும், கரையோர நிலமீட்பும், குடியிருப்புகளின் இடமாற்றமும் இங்கே தேர்தலுக்குத் தேர்தல் பேசப்பட்ட விஷயங்கள்.

நகராட்சித் தேர்தல் காலம்

ஜெலுத்தோங்கின் வாக்குப்பெட்டி வரலாறு நாடாளுமன்றத் தொகுதிக்கு முந்தியது. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பர் 1 அன்று ஜார்ஜ் டவுனில் நடந்தது. நகரம் தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, 9 இடங்களுக்கு வாக்களிப்பு நடைபெற்றது. ரேடிக்கல் கட்சி 6 இடங்களைப் பிடித்தது. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரமான பின், தொழிற்கட்சியைச் சேர்ந்த தமிழர் டி.எஸ். ராமநாதன் மேயர் பொறுப்பில் இருந்தார்.

1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவை மீண்டும் நடத்தப்படவே இல்லை. அதன்பின் இப்பகுதி மக்கள் வாக்களிக்கக் கிடைத்தவை சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் மட்டுமே.

1969 பொதுத்தேர்தலில், ஓராண்டுக்கு முன் தொடங்கிய கெராக்கான், பினாங்கு மாநில ஆட்சியைப் பிடித்தது. லிம் சொங் யூ முதலமைச்சரானார். அதே தேர்தலில், அப்போது நாடாளுமன்றத் தொகுதியாகவும் இருந்த டத்தோ கிராமாட்டைக் கெராக்கானுக்கு வென்று தந்தவர் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட். இன அடிப்படையில் அமையாத கட்சி, சீனர் அதிகமுள்ள வட்டாரத்தில் இந்தியரை நிறுத்தி வெல்ல முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1974: முதல் உறுப்பினர்

எல்லைச் சீரமைப்புக்குப் பின் உருவான ஜெலுத்தோங் தொகுதியில் 1974 ஆகஸ்டு 24 அன்று முதல் தேர்தல் நடந்தது. கெராக்கான் அதற்குள் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியில் இணைந்திருந்தது. அக்கட்சியின் ராசையா ராஜசிங்கம் வென்று தொகுதியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

கர்பால் சிங் காலம் (1978–1999)

1978 ஜூலையில் ஜ.செ.க. வேட்பாளர் கர்பால் சிங் தொகுதியைக் கைப்பற்றினார். 1940இல் பினாங்கில் பிறந்த சீக்கியரான இவர் வழக்கறிஞர். 1970இல் கட்சியில் சேர்ந்து, 1974இல் கெடாவின் அலோர் ஸ்டார் சட்டமன்றத் தொகுதியில் வென்றவர். ஜெலுத்தோங்கில் 1978, 1982, 1986, 1990, 1995 என ஐந்து முறை தொடர்ந்து வென்று 21 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார்.

'ஜெலுத்தோங் புலி' என்ற பட்டம் வந்த கதையைக் கர்பாலே பின்னாளில் விளக்கினார். 1982இல் நாடாளுமன்றத்தில் அவருக்கும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலுவுக்கும் கடும் வாக்குவாதம். சாமிவேலு சிங்கமாகவே இருந்துகொள்ளட்டும், தாம் புலியாக இருப்பதாகக் கர்பால் சொன்னார். மலேசியக் காட்டில் சிங்கம் கிடையாதே என்பது அவர் சொன்ன காரணம். பெயர் ஒட்டிக்கொண்டது. தொகுதியை இழந்த பிறகும் அவரை விட்டு அது போகவில்லை.

1987 அக்டோபரில் 'ஓப்ஸ் லாலாங்' எனும் பரவலான கைது நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கர்பால் கைது செய்யப்பட்டுக் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டார். காவல் ஆணைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று தவறானது என்று கண்டு, 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றே அவர் மீண்டும் கைதானார். 1989 ஜனவரியில்தான் விடுதலை கிடைத்தது. அத்தனை காலமும் ஜெலுத்தோங்கின் உறுப்பினர் சிறைமுகாமில் இருந்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் தொகுதி அவரையே திரும்ப அனுப்பியது.

1990இல் ஜ.செ.க. பினாங்கு சட்டமன்றத்தின் 33 இடங்களில் 14ஐ வென்றது. பாடாங் கோத்தா தொகுதியில் ஜ.செ.க. தலைவர்களுள் ஒருவரான லிம் கிட் சியாங், 21 ஆண்டு முதலமைச்சரான லிம் சொங் யூவை 706 வாக்குகளில் வீழ்த்தினார். 1995இல் காற்று திசை மாறியது. சட்டமன்றத்தில் ஜ.செ.க.வுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். அந்த வீழ்ச்சியிலும் கர்பால் ஜெலுத்தோங்கைத் தக்கவைத்தார்.

1999: புலியின் தோல்வி

1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டதைத் தொடர்ந்து நாட்டில் எதிர்ப்பலை எழுந்தது. கெஅடிலான், பாஸ், ஜ.செ.க., மலேசிய மக்கள் கட்சி ஆகியவை 'மாற்று முன்னணி' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. மலாய் வாக்காளர் பலரை ஈர்த்த இந்தக் கூட்டணி, சீன வாக்காளர்களிடையே அச்சத்தை உண்டாக்கியது. பாஸ் கட்சியின் இஸ்லாமிய நாட்டுக் கொள்கையைத் தேசிய முன்னணி பிரசாரத்தின் மையமாக்கியது. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் சீனர்களுக்கு எதிராக நடந்த கலவரமும் மக்கள் மனத்தில் இருந்தது.

1999 நவம்பர் 29 அன்று கெராக்கானின் லீ கா சூன் 775 வாக்கு வித்தியாசத்தில் கர்பாலைத் தோற்கடித்தார். அண்டைத் தொகுதியான புக்கிட் பெண்டேராவில் லிம் கிட் சியாங் 104 வாக்கில் தோற்றார். இஸ்லாமிய நாடு அமைவதைத் தம் உயிருள்ளவரை அனுமதிக்க முடியாது என்று 1990இலேயே முழங்கியவர் கர்பால். அதே கொள்கை மீதான பயமே அவருடைய தொகுதியைப் பறித்தது. 2001இல் ஜ.செ.க. அக்கூட்டணியிலிருந்து வெளியேறியது.

லீ கா சூன் 2004இலும் வென்றார். சுகாதார அமைச்சின் நாடாளுமன்றச் செயலாளராகவும் பணியாற்றினார். கர்பால் அதே 2004இல், புதிதாக உருவான புக்கிட் குளுகோர் தொகுதியில் குறைந்த வித்தியாசத்தில் வென்று நாடாளுமன்றம் திரும்பினார். 2014 ஏப்ரல் 17 அன்று சாலை விபத்தில் இறக்கும்வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். ஜெலுத்தோங் கடற்கரையோரச் சாலை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2008க்குப் பின்

2008 மார்ச் 8 தேர்தலில் கெராக்கான் பினாங்கில் ஒரு சட்டமன்ற இடம்கூட இல்லாமல் துடைத்தெறியப்பட்டது. ஜ.செ.க.வின் லிம் குவான் எங் முதலமைச்சரானார். ஜெலுத்தோங்கில் வென்றவர் வலைப்பதிவராகப் புகழ்பெற்ற ஜெஃப் ஊய். பதிவுகளுக்காக 2007இல் நாளிதழ் நிறுவனம் ஒன்று தொடுத்த அவதூறு வழக்கைச் சந்தித்தவர். பெரும் வித்தியாசத்தில் வென்ற இவர், 2013இலும் தொகுதியைத் தக்கவைத்தார். 2008 தேர்தலுக்குப் பின் லீ கா சூன், புதிய மாநில அரசு அளித்த பொறுப்புகளை ஏற்று, கெராக்கான் பதவிகளைத் துறந்தார்.

2018 மே 9 அன்று வழக்கறிஞர் ஆர்.எஸ்.என். ராயர் வென்றார். அதற்கு முன் ஸ்ரீ டெலிமா சட்டமன்ற உறுப்பினராக இரு தவணை இருந்தவர். அந்தத் தேர்தலில் ஜ.செ.க. உள்ளிட்ட நம்பிக்கைக் கூட்டணிக் கட்சிகள் கெஅடிலான் சின்னத்தில் நின்றதால், ஜ.செ.க.வின் ராக்கெட் சின்னம் வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை. ஆயினும் தொகுதி கைமாறவில்லை. தோல்விக்குப் பின் கெராக்கான் தேசிய முன்னணியை விட்டு விலகி, பின்னர் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியில் சேர்ந்தது.

2022 நவம்பர் 19 தேர்தலில், 18 வயதினரும் வாக்களிக்கத் தொடங்கிய நிலையில், ராயர் மீண்டும் வென்றார். 2023இல் பினாங்கு இந்து அறப்பணி வாரியத் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு, டத்தோ கிராமாட் சட்டமன்ற உறுப்பினரும் கர்பாலின் மகனுமான ஜக்டிப் சிங் டியோ மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சரானார்.

உறுப்பினர்கள்

1974–1978: ராசையா ராஜசிங்கம் (கெராக்கான்)
1978–1999: கர்பால் சிங் (ஜ.செ.க.)
1999–2008: லீ கா சூன் (கெராக்கான்)
2008–2018: ஜெஃப் ஊய் (ஜ.செ.க.)
2018 முதல்: ஆர்.எஸ்.என். ராயர் (ஜ.செ.க.)