பின்ன மாப்பிள்ளையும் நமதூர் மாப்பிள்ளையும்



கண்டி இராச்சியம் படிப்பிக்கும்போது மன்னர்களையும் யுத்தங்களையும் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தச் சிங்கள பௌத்த மக்கள் எப்படிக் கலியாணம் முடித்தார்கள் என்று சொல்வதில்லை.

பெண் கணவன் வீட்டுக்குப் போனால் 'தீக' விவாகம். தகப்பனின் காணியில் அவளுக்குப் பொதுவாகப் பங்கில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் 'பின்ன', காணி அவளுடையதே. பின்ன மாப்பிள்ளை ஒரு பந்தம், ஒரு தாளிப்பனை ஓலை, ஒரு கைத்தடி எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டுமாம். இரவோ மழையோ வருத்தமோ, போ என்றால் போகத்தான்! (பெண் வீட்டில் குடியிருக்கும் நமதூர் மாப்பிள்ளைமார் சிரிக்க வேண்டாம்.)

கலியாணம் அங்கே சமயச் சடங்கல்ல, இரு குடும்பத்து ஏற்பாடு. ஒத்துவராவிட்டால் பிரிந்து வேறு முடிப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே கைதியாயிருந்த ரொபர்ட் நொக்ஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. 1859இல் சட்டம் போட்டார்கள்: பதியாத கலியாணம் செல்லாது, சகோதரர் சேர்ந்து ஒருத்தியை முடிக்கக் கூடாது, பிரிய வேண்டுமானால் கோட்டுக்குப் போக வேண்டும். சனங்களில் பலர் பதியவே போகவில்லை. ஊரறிய முடித்தவர்களின் பிள்ளைகளையும் சட்டம் முறைகேடாகப் பிறந்தவர்கள் என்றது, சொத்துரிமையில் சிக்கல். 1870இல் அரசு இறங்கி வந்தது. இருவரும் சம்மதித்தால் வழக்கில்லாமல் பிரியலாம் என்றானது. 1952ஆம் ஆண்டின் கண்டியர் விவாக, விவாகரத்துச் சட்டத்திலும் அது இருக்கிறது, மாவட்டப் பதிவாளரிடமே முடியும்.

நமது முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு முந்திய வருடம், 1951. சீதன வீடு பெண்ணுக்கு, குடி தாய்வழி என்று பெருமை பேசுகிறோம். அந்தச் சட்டம் பதிவில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்கவில்லை என்பதை மட்டும் கலியாண வீட்டில் யாரும் பேசுவதில்லை.