துப்பாக்கி உரிமமும் ‘ஆபத்தான’ மனிதரும்

துப்பாக்கி கேட்டு வருபவரின் பின்னணியை ஆராய்ந்துவிட்டால், ஆபத்தானவர் கையில் அது சேராது என்னும் நம்பிக்கை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. நம் ஆயுதச் சட்டமும் அதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதைச் சென்னையின் வரலாற்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களை உரிமம் கேட்டு நிற்க வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அங்கே ஆபத்தானவர் என்றால் ஆட்சிக்கு ஆபத்தானவர் என்று பொருள். ஆனால் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனின் பிரௌனிங் கைத்துப்பாக்கி எந்த உரிமத்துக்கும் காத்திருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், மனநலம் குன்றியவர், அமைதி காப்பதற்கோ நன்னடத்தைக்கோ பிணை எழுதித் தர ஆணையிடப்பட்டவர் ஆகியோருக்கு அது தடை விதிக்கிறது. இன்று விண்ணப்பம் வந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும்.

இந்தச் சல்லடை எதைப் பிடிக்கும், எதை விடும்?

1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். வழக்கில் பேசப்பட்ட ரிவால்வர்கள் கள்ளச் சந்தைச் சரக்கல்ல, கடையில் வாங்கியவை. செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் ராதாவுக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. அவருடைய நாடகங்களை மனத்தில் வைத்தே 1954இல் சென்னை அரசு நாடகச் சட்டம் கொண்டுவந்தது என்பர். சொல்லுக்கு அஞ்சிய அரசு ரிவால்வருக்கு அஞ்சவில்லை. வாங்கும் நாளில் இல்லாத பகை பின்னாளில் முளைப்பதை எந்த அறிக்கையாலும் முன்கூட்டி எழுத இயலாது.

1982 மே 19 அன்று தியாகராய நகர் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் மோதிக்கொண்டபோது வெடித்தவை உரிமத்துக்கு அப்பாற்பட்ட துப்பாக்கிகள். கடத்தி வரும் ஆயுதத்துக்கு முன் விண்ணப்பப் படிவம் வெறும் காகிதமே.

அமெரிக்க அனுபவமும் இதற்கு ஒத்ததே. 1993ஆம் ஆண்டு பிரேடி சட்டத்தின்படி 1998இல் உடனடிச் சரிபார்ப்பு முறை தொடங்கியது. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவரின் மனநலம் குறித்த நீதிமன்ற ஆணை பதிவேட்டைச் சென்றடையாததால் அவருக்குத் துப்பாக்கி கிடைத்தது. ஏடு எவ்வளவு முழுமையோ, சரிபார்ப்பும் அவ்வளவே.

அந்த ஏட்டில் யார் பெயர் ஏறுகிறது என்பது அடுத்த கேள்வி. இங்கே நாம் நொச்சிக்குப்பத்தை நினைக்க வேண்டும். நன்னடத்தைப் பிணையும் காவல் நிலையப் பதிவேடும் கடலோரக் குப்பத்து இளைஞர்களை எளிதில் எட்டுகின்றன. செல்வாக்குள்ளவரின் வாசலில் அவை தயங்கி நிற்கின்றன. 1985இல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களும் வலைகளும் அகற்றப்பட்டபோது எழுந்த மோதலில், காவல்துறை சுட்டதில் மீனவர்கள் உயிரிழந்தனர். அந்தத் துப்பாக்கிகளுக்கு இச்சட்டத்தின் உரிமம் தேவையில்லை; கடமையாற்றும் அரசு ஊழியருக்கு அது விலக்களிக்கிறது. கடற்கரை மக்கள் கண்ட ஆபத்து, சட்டம் வரையறுத்த ஆபத்தாக இருக்கவில்லை.

அப்படியானால் பின்னணி விசாரணை வீணா? அல்ல. உரிமம் அரிதாக இருப்பதால்தான் நம் தெருச் சண்டைகள் பெரும்பாலும் அரிவாளோடு நின்றுவிடுகின்றன. வாசல் குறுகலாக இருப்பதே ஒரு காவல். ஆனால் அது மனத்தைப் படிக்கும் கருவி என்று எண்ணுவது பிழை.

இன்று தேர்தல் அறிவிக்கப்பட்டதும், ஆய்வுக்குப் பின், உரிமம் உள்ளவர்களிடமிருந்தும் துப்பாக்கிகள் பெறப்பட்டுக் காவல் நிலையங்களில் வைக்கப்படுகின்றன. மனிதர் நல்லவரே ஆயினும் காலம் கெட்டது என்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. 1967 ஜனவரியில் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. அன்று அந்த ரிவால்வர்கள் காவல் நிலையத்துப் பெட்டியில் உறங்கியிருந்தால், இராமாவரத்தில் வாய்ச்சண்டையோடு முடிந்திருக்கலாம். ‘ஆபத்தானவர் யார்?’ என்று கேட்கும் சட்டம், ‘ஆபத்தான வேளை எது?’ என்றும் கேட்கப் பழகுவதே நாம் வேண்டுவது.