ரன்அவேஸ்

வீட்டைவிட்டு ஓடிய சிறார்களின் வாழ்வை வைத்து எலிசபெத் ஸ்வாடோஸ் உருவாக்கிய அமெரிக்க இசை நாடகம். 1978இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறி, அதே ஆண்டு பிராட்வேக்குச் சென்று 274 காட்சிகள் நடந்தது. இளையோரைத் திரட்டிப் பல மாதங்கள் பட்டறை நடத்தியே பிரதி உருவானது. நடித்தவர்களில் சிலரே உண்மையில் வீட்டைவிட்டு ஓடியவர்கள். எழுத்து, இசை, இயக்கம், நடன அமைப்பு நான்கும் ஸ்வாடோஸுடையவை. நான்குக்குமே டோனி விருதுப் பரிந்துரை கிடைத்தது. அப்படியிருக்க இதைச் சிறார்களின் படைப்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதே. உரிமை அவருடையதுதான். ஆனால் வடிவம் வேறு கதை சொல்கிறது. தொடர்ச்சியான கதையோ நாயகனோ இல்லை. விளையாட்டுத் திடல் போன்ற மேடையில் தனிமொழிகளும் பாடல்களும் மாறிமாறி வருகின்றன. காதுகேளாத சிறுவன் சைகையில் பேச, உடன் இருக்கும் பெண் அதற்குக் குரல் கொடுக்கிறாள். ஒருவர் கதைக்குள் அடங்காத பலரின் அனுபவமே இந்தத் துண்டு துண்டான அமைப்பைக் கோரியிருக்க வேண்டும்.

துயரத்தை டிக்கெட் விலைக்கு விற்பதாகாதா என்ற மறுப்பு இன்னும் கனமானது. பிராட்வேயில் அதற்கு முழு விடை கிடையாது. என்றாலும், இங்கே சிறார்கள் இரக்கம் கேட்டு நிற்பதில்லை. பெற்றோரைக் கேலி செய்கிறார்கள், சினக்கிறார்கள், சில இடங்களில் அவையோரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். 2016இல் நியூயார்க் சிட்டி சென்டரில் இந்நாடகம் மீண்டும் மேடையேறியது.