செவித்திறன் இழந்தோர் தோழமைக் குழுக்கள்

பேசிப் பழகிய வயதுக்குப் பின் காது மந்தமானவர்கள், தங்களைப் போன்றவர்களுக்கு வழிகாட்டச் சம்பளம் வாங்காமல் நடத்தும் குழுக்கள் இவை. பிறவியிலேயே காது கேளாதோரில் பலருக்குச் சைகைமொழியும் அதைச் சார்ந்த சமூகமும் உண்டு. நடுவயதில் செவித்திறன் குறைந்தவருக்கு அந்த மொழி பெரும்பாலும் தெரியாது. பழகிய பேச்சுலகமும் மெல்ல விலகிப்போகிறது. இரண்டிலும் சேராத இவர்களுக்காகவே இக்குழுக்கள் தோன்றின.

நியூயார்க்கில் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறியும் வகுப்புகளில் படித்தவர்கள் 1910இல் தொடங்கிய சங்கம் இவற்றுக்கு முன்னோடி. இன்றைய வடிவம் பெரிதும் 1979இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஹோவர்ட் ‘ராக்கி’ ஸ்டோன் தொடங்கிய அமைப்பிலிருந்து வந்தது. இளம் வயதில் ராணுவத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் செவித்திறனை இழந்த ஸ்டோன், அதன்பின் சிஐஏ உளவுத்துறையில் நெடுங்காலம் பணியாற்றினார். அவர் தொடங்கிய சுயஉதவி அமைப்பு இப்போது ஹியரிங் லாஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில், பல ஊர்களில் தன்னார்வலர் நடத்தும் கிளைகளோடு இயங்குகிறது. முற்றிலும் செவித்திறன் இழந்த பெரியவர்களுக்கென 1987இல் சிகாகோவில் ஆல்டா என்ற அமைப்பு உருவானது.

கூட்டம் நடக்கும் விதத்திலேயே பாதி உதவி அடங்கியிருக்கிறது. நாற்காலிகள் வட்டமாகப் போடப்படும். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசலாம். மைக் கைமாறும்வரை எல்லோரும் பொறுத்திருப்பார்கள். பேசுபவர் சன்னலுக்கு முதுகு காட்டி அமரமாட்டார். அமர்ந்தால் முகம் நிழலில் மறைந்து உதட்டசைவு தெரியாமல் போகும். பேச்சு உடனுக்குடன் திரையில் எழுத்தாக ஓடும். வசதியுள்ள அறைகளைச் சுற்றி, பேச்சொலியைச் சுமக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பி பதிக்கப்பட்டிருக்கும். காது கேட்கும் கருவியிலுள்ள ‘டி-காயில்’ என்னும் கம்பிச்சுருள் அதை நேரடியாக வாங்கிக்கொள்வதால், அறையின் எதிரொலியும் இரைச்சலும் குறுக்கிடுவதில்லை.

இங்கே கைமாறுபவை மருத்துவமனையில் நேரம் ஒதுக்கிச் சொல்லித்தராத சங்கதிகள். ‘என்ன?’ என்று மொட்டையாகக் கேட்காமல், ‘எத்தனை மணிக்கு என்றீர்கள்?’ என்று காதில் விழாத பகுதியை மட்டும் கேட்பது அவற்றில் ஒன்று. உணவகத்தில் சமையலறைப் பக்கம் உட்காராமலிருப்பது இன்னொன்று. கேட்டதுபோல் தலையாட்டித் தப்பிக்கும் பழக்கத்தை இங்கு எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியைப் பொருத்தத் தயங்குபவருக்கு, முதல் வாரங்களில் மனிதக் குரல் இயந்திரக் குரல்போல் ஒலிக்கக்கூடும் என்பதைப் பொருத்திக்கொண்டவரே சொல்வார். திரும்பச் சொல்லக் கேட்டால் வரும் ‘ஒன்றுமில்லை, விடு’ என்ற பதில் எப்படிச் சுடும் என்பது புரியட்டும் என்று கணவனையோ மனைவியையோ அழைத்து வருவதுண்டு.

இது சிகிச்சைக்கு மாற்றல்ல. திடீரெனக் காது அடைத்துப்போனால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். குழுவில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஓரிருவர் தோளிலேயே பொறுப்பு விழும் கிளைகள் அவர்கள் களைத்ததும் கலைந்துவிடுவதும் உண்டு.

உலகில் சுமார் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் மறுவாழ்வு தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், லேசான அல்லது நடுத்தரக் குறைபாடுள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டில்லாமல் கடையிலேயே காது கேட்கும் கருவி வாங்கலாம். வாங்கியதைப் பழகச் சொல்லித்தர அங்கே நிபுணர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால் குழுக்களின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.